இரண்டாவது பிரேக்

மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் யாரும் லைசென்ஸ் தேர்வில் தோற்றதில்லை. இருபத்தேழு வருஷத்தில் ஒருவர்கூட இல்லை. கேட்டால் பெரிய வித்தைக்காரர் என்று தோன்றும். வித்தைக்காரர்தான். அந்த வித்தை எங்கே இருந்தது என்பதுதான் விஷயம்.

பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில். இன்னொன்று பக்கத்தில் உட்காருகிற மாஸ்டர் காலடியில். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் ஆபத்துக்கு மிதிக்க அது. மிதித்தால் வண்டிக்குள் 'கீ' என்று ஒரு சத்தம் வரும். தேர்வு நாளில் அதிகாரி பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் மறுபேச்சே கிடையாது, இறங்கிப் போய் அடுத்த மாதம் வரவேண்டியதுதான்.

மாஸ்டர் அந்தச் சத்தத்துக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டிருந்தார்.

திருட்டு எண்ணத்தோடு கழற்றவில்லை. தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு டீச்சரம்மா கற்றுக்கொள்ள வந்தார். பிரேக் போட நேரமாகிவிடும், மாஸ்டர் மிதிப்பார், 'கீ' என்று கத்தும், அந்த அம்மாவுக்குக் கை நடுங்கும். ஒருநாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்து போய்விட்டார். பின்னால் இருந்த பஸ்காரன் திட்டிய திட்டு இன்றைக்கும் மாஸ்டருக்கு ஞாபகம் இருக்கிறது. சத்தம்தானே பயமுறுத்துகிறது, சத்தம் இல்லாவிட்டால் தைரியம் வரும் என்று நினைத்தார். அன்று சாயந்திரமே வயர் போயிற்று. வண்டியின் வருஷாந்திரச் சோதனைக்கு முதல்நாள் மாட்டுவார், மறுநாள் கழற்றுவார்.

டீச்சரம்மா பாஸானார். அத்தோடு மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை.

அதற்குப் பிறகு அவர் காலுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஓட்டுகிறவர் மிதிப்பதற்கு ஒரு நொடி முந்தி, பூனை பாதம் வைக்கிற மாதிரி, பட்டும் படாமலும் அமுக்குவார். கற்றுக்கொள்பவரும் ஏதோ கொஞ்சம் மிதித்திருப்பார். வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கி வந்து கோட்டுக்கு முன்னால் நிற்கும். "பாத்தீங்களா! எவ்வளவு அழகா நிறுத்துறீங்க!" என்பார். அவர்கள் முகம் மலர்ந்துவிடும். நாளாக நாளாக, தான் மிதிக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. இமை கொட்டுவதை யார் எண்ணுகிறார்கள்?

பாஸாகிப் போனவர்கள் சொந்த வண்டியில் ஏறி, கேட்டில் உரசி, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்து, ஒரு வழியாகத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். யாராவது வந்து சொன்னால் மாஸ்டர் உதட்டைப் பிதுக்குவார். "எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தான் ஓட்டினாரு" என்பார். பொய் இல்லை.

மாஸ்டருக்கு ஒரே மகள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். பத்தொன்பது வயதாகியும் அவருக்கு அவள் 'பாப்பா'தான். அவளைத் திட்டியதில்லை, அடித்ததில்லை, 'கூடாது' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. "எங்கப்பா மாதிரி யாரும் கிடையாது, எல்லாம் என் இஷ்டம்தான்" என்று தோழிகளிடம் பெருமையடிப்பாள். பள்ளி முடித்ததும் வேறு ஊரில் இருக்கும் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் பயிற்சிக்கு எழுதிப்போட்டாள். "உன் இஷ்டம்மா" என்றார் மாஸ்டர். இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள், பிறகு தேறிக்கொண்டாள். உள்ளூரிலேயே ஏதாவது பார்க்கலாம், வண்டி ஓட்டத் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று அவளே சொன்னாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டரே கற்றுக் கொடுத்தார். முதல் தடவையிலேயே பாஸ். ஒரு சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிகளில் அழுக்குப் படுக்கைவிரிப்புகளை ஏற்றிவந்து, வெளுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

பதினோராவது நாள், மத்தியானம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், வேன் நிறைய விரிப்பு மூட்டைகளோடு வந்தபோது, பாதசாரிகள் கடக்கும் கோட்டில் ஒரு தையல்காரரை இடித்துவிட்டாள். அவர் கையில் ஒரு பை. நீளம் குறைத்துத் தைத்த மூன்று கால்சட்டைகள் அதில் இருந்தன. கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பிய மனுஷன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

வேனின் பிரேக்கைப் போலீஸ் மெக்கானிக் சோதித்தார். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மழை இல்லை, எதிர்வெயில் இல்லை. அப்புறம் என்ன? போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருப்பாள் என்றது தெரு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்றார்கள். தெருவுக்குக் காரணம் கிடைத்துவிட்டால் உண்மை எதற்கு?

மகள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, வலது காலைத் தரையில் ஊன்றி, அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். மணிக்கணக்காக. அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போவாள்.

"அப்பா, நான் மிதிச்சேன்" என்றாள் ஒருநாள்.

"தெரியும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் பக்கத்துல இல்லையே."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க பக்கத்துல உட்கார்ந்து எத்தனை தடவை நிறுத்தியிருக்கேன்? ஒரு தடவையாவது கோட்டைத் தாண்டிப் போயிருக்கேனா?"

"இல்லம்மா."

"எப்பவும் மிதிக்கிற மாதிரிதான் மிதிச்சேன். வேன் பாட்டுக்குப் போகுது. அப்ப நான் மிதிக்கலைன்னுதானே அர்த்தம்? அந்த ஆளைத் தூரத்துலயே பார்த்த மாதிரி ஞாபகம் இருக்கு. சட்டையில மேல் பட்டன் போடலை, அதுகூட ஞாபகம் இருக்கு. ஆனா பார்த்திருந்தா நிறுத்தியிருப்பேன்ல? பார்க்கவே இல்ல போலிருக்கு. என் ஞாபகமே எங்கிட்ட பொய் சொல்லுதுப்பா."

மாஸ்டர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த இடத்திலேயே அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதிப் பாதியை விளங்காத மாதிரி வைத்துக்கொண்டார்.

கம்பெனி மேலாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். வியாழக்கிழமை விசாரணை. 'என்னுடைய கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது. சாலையை நான் பார்க்கவில்லை' என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போட்டுக் குடுத்துட்டா எல்லாம் சுலபமா முடிஞ்சிடும் சார். நம்ம வக்கீல் பார்த்துப்பாரு. சின்னப் பொண்ணு, ஜட்ஜுக்கும் மனசு இருக்கும்ல?"

"உள்ளே போட்டுட்டா?" என்று கேட்டாள் மாஸ்டரின் மனைவி.

மேலாளர் காபியை ஊதிக் குடித்தார். "அந்த அளவுக்கெல்லாம் போகாதும்மா" என்றார். எந்த அளவுக்குப் போகும் என்று சொல்லவில்லை. காகிதத்தில் கம்பெனி சுத்தமாக இருந்தது, அது மட்டும் மாஸ்டருக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஆலோசகர் அம்மா வந்தார். இளைஞர் நல மையத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். நல்ல மனுஷிதான், குரலில் தேன் வழிந்தது. கையில் ஒரு வண்ண அட்டை, அதில் மூன்று கட்டம்: நில், யோசி, தேர்ந்தெடு. வாலிபப் பிள்ளைகள் வாழ்க்கையில் நல்ல முடிவு எடுக்க இந்த மூன்றும் போதுமாம். அட்டை அடித்த ஆள் எப்போதாவது பாரம் ஏற்றிய வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கமாட்டான்.

"தப்பை ஒத்துக்கறது இருக்கே, அதுதான்மா முதல் நல்ல முடிவு" என்றார் ஆலோசகர் அம்மா. "பொறுப்பை நீயா எடுத்துக்கிட்டா மனசு லேசாயிடும். அதுக்கப்புறம் ஒரு புது வாழ்க்கை. உன்னை யாரும் கட்டாயப்படுத்தலை, என்ன? முடிவு உன்னோடது."

மகள் தலையாட்டினாள். "கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள்.

"குட்!" என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது மாஸ்டரிடம், "உங்க பொண்ணு தெளிவான பொண்ணு சார். நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார்.

மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயந்திரம் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, நாலு நாளா எதையோ வாயில வச்சுக்கிட்டு இருக்கீங்க. ஒண்ணு துப்புங்க, இல்ல முழுங்குங்க. பார்க்கவே சகிக்கலை."

"ஒண்ணும் இல்ல."

"எனக்கும் நீங்கதான் ஓட்டக் கத்துக் குடுத்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு இப்ப என்ன?"

"லைசென்ஸ் வாங்கின பிறகு ஒரு தடவை தனியா எடுத்தேன். தெருமுனை வரைக்கும். நிறுத்த முடியலை, கரண்ட் கம்பத்துல லேசா இடிச்சு நின்னுச்சு. உங்ககிட்ட பூனை குறுக்க வந்துச்சுன்னு சொன்னேன். அப்புறம் நான் அந்தப் பக்கமே போகலை. என் கால்தான் சரியில்லன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "என் கால் சரியாத்தான் இருக்கா?"

மாஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு வழக்கம்போல மருந்துக்கடைக்காரர் வந்தார். நாற்பது வயது, ஓயாத வாய், இருபது வகுப்பு முடித்தவர், அடுத்த வாரம் தேர்வு. "மாஸ்டர், நேத்து என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், நான் ஓட்டினா டம்ளர்ல வச்ச தண்ணிகூடத் தளும்பாதுன்னு. அவ சொல்றா, முதல்ல காபி டம்ளரைத் தளும்பாம கொண்டு வாங்க பார்ப்போம்னு!" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

ஊருக்கு வெளியே பயிற்சி கொடுக்கும் காலி மைதானம். சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கும். "கோட்டுக்கு முன்னாடி நிறுத்துங்க" என்றார் மாஸ்டர். இரண்டு காலையும் தூக்கி இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அப்படியும் அவருடைய கால் ஒருமுறை தானாக முன்னே போயிற்று. கையால் முழங்காலைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

கோடு வந்தது. மருந்துக்கடைக்காரர் மிதித்தார். வண்டி கோட்டைத் தாண்டியது, இன்னும் மூன்று கார் நீளம் போயிற்று, வேலிக்கு முன்னால் மாஸ்டர் பாய்ந்து மிதித்த பிறகுதான் நின்றது.

மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கை விடாமல் கத்தினார். "மாஸ்டர், பிரேக் போச்சு!"

"போகலை. நீங்க மிதிச்சீங்களா?"

"எப்பவும் மிதிக்கிற மாதிரிதான் மிதிச்சேன்!"

மகள் சொன்ன அதே வார்த்தைகள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"வீட்டுக்குப் போங்க. அடுத்த வாரம் தேர்வு இல்ல" என்றார் மாஸ்டர். அவரை இறக்கிவிட்டு, வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சொன்னால் தொழில் போகும், பெயர் போகும், அதெல்லாம் ஒரு பக்கம். மகள் இனிமேல் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் பெரிதாக இருந்தது. சொல்லாவிட்டால், செய்யாத தப்பைச் செய்ததாக நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவாள். அதைவிட மோசம், தன் கண்ணையே நம்பாதவளாக மீதி வாழ்க்கை முழுவதும் இருப்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மத்தியானம் வரை யோசித்தார். மனுஷன் அவ்வளவுதான்.

மத்தியானம் மகளின் அறைக்குள் போய்க் கதவருகே தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, நீ பார்த்தே. மிதிச்சே. உன் ஞாபகம் சரி."

அவள் நிமிர்ந்தாள்.

"எங்கூட ஓட்டினப்ப வண்டி நின்னுதே, அது உன்னால நிக்கலை. நான் மிதிச்சேன். உனக்குத் தெரியாம. ஒவ்வொரு தடவையும். தேர்வுலயும்."

"என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க" என்றாள்.

"இல்லம்மா."

"காட்டுங்க."

அந்த வாரத்தில் முதல்முறையாக வாசல் தாண்டினாள். மைதானத்துக்குப் போனார்கள். வண்டியில் ஏறி ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்தாள். "நீங்க காலை மடக்கி சீட் மேல வச்சுக்கங்க" என்றாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தார், ஐம்பத்தெட்டு வயது மனுஷன். மெதுவாகத்தான் ஓட்டினாள். கோடு வந்ததும் எப்போதும் போல மிதித்தாள். கோடு வண்டிக்கு அடியில் போய்ப் பின்னால் வந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. பயத்தில் முழுக் காலையும் அழுத்தினாள். அப்போதுதான் நின்றது, இருவரும் முன்னால் போய் விழுந்தார்கள்.

அவள் அழுதாள். முதலில் அது நிம்மதி அழுகை மாதிரி இருந்தது. "பார்த்தேன்ல? நான் பார்த்தேன்ல?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மாஸ்டரும் அழுதார். அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் புத்திசாலி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வேற எதெல்லாம்?"

"என்னம்மா வேற?"

"நான்தான் பண்ணேன்னு நான் நினைச்சதுல, வேற எதெல்லாம் நீங்க பண்ணது?"

மாஸ்டர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். மைதானத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அவளும் அந்த நாயைப் பார்த்தாள். பார்த்தவள் மெதுவாகத் திரும்பினாள்.

"மிருக ஆஸ்பத்திரி" என்றாள்.

ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் மாஸ்டர். அந்தக் கால்நடைப் பயிற்சி அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்க்கிறவரும் அவரிடம் ஓட்டக் கற்றவர். ஒரு போன், அவ்வளவுதான். 'ஒரே பொண்ணு, தனியா விட மனசு வரலை, இடம் இல்லன்னு ஒரு லெட்டர் போட்டுடுங்க.'

"இடம் இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு."

"நான் போயிருந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லை. போயிருந்தால் வேன் இல்லை. தையல்காரர் கால்சட்டைகளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்.

வீட்டுக்குத் திரும்பினார்கள். வண்டியை அவர்தான் ஓட்டினார். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. சின்ன அறை, ஒரு மேசை, பெஞ்சில் கம்பெனி மேலாளரும் அவர் வக்கீலும். விசாரணை அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மாஸ்டர் முந்திக்கொண்டு எழுந்து, வயர் கழற்றியதிலிருந்து நேற்று மைதானம் வரை எல்லாவற்றையும் கொட்டினார். வாழ்நாளில் அவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் அவர் பேசியதில்லை.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "ஐயா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணு."

"அதான்." பேனாவை மூடினார். "போன வாரம் ஒரு பெரியவர் வந்தாரு. மகன் இடிச்ச வண்டியை நான்தான் ஓட்டினேன்னு சத்தியம் பண்ணாரு. விசாரிச்சா அவருக்கு சைக்கிள்கூட விடத் தெரியாது. பெத்தவங்க மனசு எனக்குப் புரியுது."

"வண்டி வெளிய நிக்குது சார். கழட்டின வயரைக் காட்டறேன். வாங்க."

"நேத்து சாயந்திரம்கூடக் கழட்டியிருக்கலாமே?"

"போன வருஷச் சோதனை முடிஞ்ச மறுநாள் கழட்டினது சார்! முனையில தூசி படிஞ்சு கெட்டியாயிருக்கு, வந்து பாருங்க!"

"தூசியையெல்லாம் சாட்சியா எழுத முடியாதுய்யா. உட்காருங்க."

பெஞ்சில் வக்கீல் சிரிப்பை அடக்கினார். இத்தனை வருஷமாக மாஸ்டர் சொன்னதையெல்லாம் ஊர் நம்பியது. உண்மை சொல்லியும் நம்பாவிட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். ஒரு வேடிக்கை கேளுங்கள்: வயர் இல்லாமல் பயிற்சி வண்டி ஓட்டிய குற்றத்தை மட்டும் அதிகாரி மறக்காமல் குறித்துக்கொண்டார். மகளுக்கு உதவாத உண்மை, மாஸ்டருடைய பயிற்சி அனுமதியைப் பறிக்க உதவியது.

மேலாளர் காகிதத்தையும் பேனாவையும் மகள் முன்னால் நகர்த்தி வைத்தார். அவள் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"இது சரியில்ல சார்."

"எது சரியில்ல?" என்றார் அதிகாரி.

"பார்க்கலைன்னு போட்டிருக்கு. நான் பார்த்தேன். மிதிச்சேன். மிதிச்சது போதலை. எவ்வளவு மிதிக்கணும்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதே எனக்கு அன்னிக்குத் தெரியாது."

"இப்படிச் சொல்லச் சொல்லி யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"அவ உண்மையைத்தான்..." என்று மாஸ்டர் எழுந்தார்.

"அப்பா, நீங்க பேசாதீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் சொல்லிக் குடுக்கலை சார்" என்றாள் மகள். "நீங்க நம்பலைன்னாலும் பரவாயில்ல. எழுதிக்கங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். மேலாளர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தபோது அன்று காபி குடித்தபோது இருந்த இனிமை அவர் முகத்தில் இல்லை.

வழக்கு நாலு மாதம் நடந்தது. பத்து வருஷம் வண்டி தொடக்கூடாது, எந்த ஊரில் இருந்தாலும் மாதம் ஒருமுறை அங்கே காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று தீர்ப்பு. சிறை இல்லை. ஆலோசகர் அம்மா மறுபடி வந்து வாழ்த்துச் சொன்னார். மகள் வெளியே வரவில்லை. இதற்கு நடுவில் ஒருநாள் அவள் தையல்காரரின் வீட்டுக்குத் தனியாகப் போய்வந்தாள். அவர் மனைவி என்ன சொன்னார், இவள் என்ன சொன்னாள் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அம்மாவும் மகளும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

தீர்ப்பு வந்த பத்தாம் நாள் காலையில், அவள் ஒரு பெட்டியோடு கூடத்தில் நின்றாள். அம்மா அவள் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா?" என்றார் மாஸ்டர்.

"வேற ஊருக்கு. வேலைக்கு."

"எந்த ஊரு? என்ன வேலை?"

அவள் பின்னல் முடியும்வரை காத்திருந்தாள். அப்புறம் திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்.

"சொன்னா அங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்கப்பா."

"யார்கிட்டயும் பேச மாட்டேன். உன் தலைமேல சத்தியம்."

"தெரியும்பா. நீங்க பேச மாட்டீங்க." பெட்டியைக் கையில் எடுத்தாள். "ஆனா அங்க எனக்கு ஏதாவது நல்லது நடந்தா, அது நானா, நீங்களான்னு எனக்குச் சந்தேகம் வரும். கெட்டது நடந்தாலும் வரும். அதனால சொல்லலை."

"பெட்டியை பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது..."

"நானே தூக்கிப்பேன்பா."

காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். அம்மா தெருமுனை வரை கூடப் போனாள். மாஸ்டர் வாசல்படியில் நின்றார். பெட்டி கனம், ஒவ்வொரு இருபது அடிக்கும் கை மாற்றிக்கொண்டாள். கூப்பிடத்தான் வாய் வந்தது. கூப்பிடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுப் போன் அடிக்கும். அடித்ததும் மாஸ்டர் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிடுவார், பேசுவது காதில் விழக்கூடாதென்று. மனைவி பேசி முடித்துவிட்டு வந்து குழாயை மூடுவாள்.

"அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டா."

"என்ன சொன்னே?"

"சாப்பிட்டாருன்னு சொன்னேன்."

"சரி."

"நல்லா இருக்காளாம்" என்பாள், கூடக் கொஞ்சம் கருணை பண்ணுகிற மாதிரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவரும் கேட்கமாட்டார்.

ஒருநாள் பக்கத்து வீட்டில் யாருக்கோ மயக்கம் என்று கூப்பிட, மனைவி அவசரத்தில் போட்டது போட்டபடி ஓடினாள். போன் பக்கத்தில் அவளுடைய சின்ன நோட்டு திறந்து கிடந்தது. மகளின் விலாசம் எழுதிய பக்கமாகத்தான் இருக்கவேண்டும், போன் பேசும்போது அவள் அதைத்தான் எடுத்து வைத்துக்கொள்வாள். மாஸ்டர் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. எட்டிப் பார்த்தால் போதும். ஊர்ப் பெயர் ஒன்றே ஒன்று, அதை மட்டும் தெரிந்துகொண்டால் மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்று நினைத்துக்கொள்ளவாவது ஆகும்.

கண்ணாடியைக் கழற்றி சட்டைப் பையில் வைத்தார். எழுந்து தெருவில் போய் நின்றுகொண்டார். மனைவி வர அரை மணி ஆயிற்று.

உள்ளே போனவள் நோட்டைப் பார்த்தாள். வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள். பிறகு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது, நோட்டை உள்ளே வைத்துப் பூட்டும் சத்தமும் கேட்டது.